மிதமிஞ்சி உண்ணுதலிலிருந்து மீளுதல்: என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் பதில்களும்

நான் வைத்தியரோ உளவளத்துணையாளரோ அல்ல. திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் ஒரு பாடசாலை ஆசிரியை. 11 வருடங்களாக, வாரத்தில் நான்கைந்து இரவுகள், வீட்டார் உறங்கிய பிறகு குசினியில் விளக்கைப் போடாமல் நின்றபடியே வயிறு நோகும்வரை உண்டவள். சிகிச்சை பெற்று மீண்ட பின்னர் இதை மறைக்காமல் பேசத் தொடங்கினேன். அதன்பின் உடன் ஆசிரியைகள், கோயிலில் சந்திக்கும் பெண்கள், பழைய மாணவர்கள், சில வேளைகளில் அவர்களுடைய தாய்மார் என்று பலர் தனியாக என்னை அழைத்துக் கேட்ட கேள்விகளே இங்கே இருக்கின்றன. வைத்தியம் சார்ந்த விடயங்களில், எனக்குச் சிகிச்சை அளித்தவர்கள் விளக்கியதையும் பின்னர் நான் படித்து உறுதிப்படுத்திக்கொண்டதையும் மட்டுமே எழுதியிருக்கிறேன்.

இது உண்மையிலேயே ஒரு நோயா, அல்லது வாயைக் கட்ட முடியாத பலவீனமா?

நோய்தான். அமெரிக்க மனநல வைத்தியர் அல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-ஆம் ஆண்டிலேயே இத்தகைய உண்ணுதலை விவரித்து எழுதினார். ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதைத் தனியொரு நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது 2013-இல்தான். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் இதற்குத் தனி இடம் உண்டு. தமிழில் இதற்கென்று நிலைத்த பெயர் இன்னும் இல்லை. நமது வீடுகளில் இதற்கு இருந்த ஒரே சொல் ‘பெருந்தீனி’ என்ற வசவுதான். பெயர் வசவாக இருக்கும் இடத்தில் எவரும் வாய் திறந்து உதவி கேட்கமாட்டார்கள் என்பதனால், இப்பக்கத்தில் நான் ‘மிகையுண்ணல்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

கலியாண வீட்டில் அளவுக்கு மீறிச் சாப்பிடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கலியாண வீட்டில் நாம் பலரோடு அமர்ந்து, ருசித்து, இரண்டாம் தடவையும் வாங்கி உண்டுவிட்டுக் கொஞ்சம் பெருமூச்சு விட்டபடி வீடு திரும்புகிறோம். மறுநாள் அது நினைவில்கூட இருப்பதில்லை. மிகையுண்ணலில் முதன்மையானது உணவின் அளவன்று, ‘இனி என்னால் நிறுத்த முடியாது’ என்ற அந்த உணர்வே. வழமையைவிட மிக விரைவாக உண்ணுதல், பசியே இல்லாத நேரத்தில் உண்ணுதல், வயிறு வலிக்கும்வரை உண்ணுதல், வெட்கத்தினால் தனியே ஒளித்து உண்ணுதல், உண்டு முடித்ததும் தன்மீதே அருவருப்பும் குற்றவுணர்வும் கொள்ளுதல் ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று சேர்ந்திருந்து, வாரத்துக்கு ஒரு தடவையாவது மூன்று மாதங்களுக்கு அது தொடர்ந்து, மனதை வருத்தினால், அதை மிகையுண்ணல் நோய் என வைத்தியர்கள் கணிக்கிறார்கள்.

நான் பேருந்தால் இறங்கி வீட்டுக்கு நடந்துவரும் வழியில் மூன்று கடைகள் இருந்தன. ஒரே கடையில் வாங்கினால் கடைக்காரர் யோசிப்பார் என்று, ஒன்றில் பிஸ்கட், இன்னொன்றில் மிக்சர், மூன்றாவதில் பணிஸ் என்று பிரித்து வாங்குவேன். ‘வீட்டுக்கு ஆக்கள் வருகினம்’ என்று எவரும் கேளாமலே சொல்லுவேன். வெற்றுப் பைக்கற்றுகளை அரிசிச் சாக்கின் பின்னால் மடித்து ஒளித்துவைத்து, குப்பை எடுக்க வரும் நாளன்று விடியமுன் எடுத்துக்கொண்டு போவேன். உணவை ஒளிக்கவேண்டிய நிலை வந்துவிட்டதென்றால், அது வெறும் ருசி சார்ந்த விடயமாக இல்லை என்றே கொள்ளவேண்டும்.

இது பெண்களுக்கு மட்டும் வருவதா?

இல்லை. 2007-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது இந்நோய்க்கு ஆளானவர்கள் பெண்களில் 3.5 சதவீதமும் ஆண்களில் 2 சதவீதமுமாக இருந்தார்கள். நமது ஊரில் ஆண்கள் நிறையச் சாப்பிட்டால் ‘நல்ல சாப்பாட்டுக்காரன்’ என்று பாராட்டி விடுகிறோம். அதனால் இரவில் தனியாக இரண்டு கொத்துரொட்டிப் பார்சலை உண்டுவிட்டு அழுகின்ற இளைஞன் எவர் கண்ணிலும் படுவதில்லை.

பகல் முழுவதும் கட்டுப்பாடாக இருக்கும் எனக்கு ஏன் இரவில் மட்டும் இப்படி நேர்கிறது?

பகல் முழுவதும் கட்டுப்பாடாக இருப்பதனால்தான் இரவில் இப்படி நேர்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் சென்றன. இங்கே எழுதியிருக்கும் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்னுடைய ஒரு நாளைச் சொல்கிறேன். முந்தைய இரவு உண்டதற்குப் பரிகாரமாகக் காலையில் ஒன்றும் உண்ணாமல் ஒரு பிளேன்டீயுடன் பாடசாலைக்குப் போவேன். இடைவேளையில் மற்ற ஆசிரியைகள் இடியப்பமும் சம்பலும் பகிர்ந்துகொள்ளும்போது ‘நான் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்’ என்று பொய் சொல்லுவேன். இரண்டு மணிக்கு வீடு திரும்பி, அம்மா பார்க்கிறார் என்பதற்காக இரண்டு கரண்டிச் சோறும் கொஞ்சம் கீரையும் உண்பேன். மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும்போதே கை நடுங்கத் தொடங்கும். இரவு பத்தரை மணியளவில், பானையில் மிஞ்சிய சோற்றை ஒரு பிடி எடுப்போம் என்று போய், பானை காலியாகி, பாண் முடிந்து, சீனிப் போத்தலும் திறந்திருக்கும்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், அன்செல் கீஸ் என்னும் ஆய்வாளரின் தலைமையில், உடலாலும் உள்ளத்தாலும் ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஓர் ஆய்வில் பங்கேற்றார்கள். அவர்களுக்கு 24 வாரங்கள் வழமையான உணவில் ஏறத்தாழப் பாதியே வழங்கப்பட்டது. அதற்குமுன் உணவைப்பற்றி விசேடமாக எண்ணியிராத அவர்கள், நாள்முழுவதும் உணவையே நினைத்தார்கள். சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். உணவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பின்னரும் சிலர் வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் உண்டுகொண்டே இருந்தார்கள். அந்த இளைஞர்களை எவரும் பலவீனர்கள் என்று சொல்லவில்லை. பட்டினி கிடந்த உடல், உணவு கிடைத்தவுடன் செய்வதைத்தான் அவர்களுடைய உடல்கள் செய்தன. என்னுடையதும் அதையே செய்தது. வேறுபாடு என்னவென்றால், என்னைப் பட்டினி போட்டது நானே.

எல்லோருக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்லமுடியாது. தனிமை, துக்கம், கோபத்தை விழுங்கவேண்டிய வீடு, உடலைப் பற்றிச் சிறுவயதில் கேட்ட ஏளனம் ஆகியனவும் சேர்கின்றன. ஆனாலும் நான் பேசியவர்களில் பெரும்பாலானவர்களின் கதையில் காலைச் சாப்பாடு காணாமற்போயிருந்தது.

அப்படியானால் எதை, எப்போது சாப்பிடவேண்டும்? சோற்றை விட்டுவிட வேண்டுமா?

சோற்றை விடவேண்டாம். சிகிச்சையின் முதற்கட்டத்தில் எதைச் சாப்பிடுவது என்பதைவிட, எப்போது சாப்பிடுவது என்பதற்கே முதலிடம் தருகிறார்கள்: நாளுக்கு மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிறு உணவு, எந்த இரண்டுக்கும் இடையே நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி இல்லை. பசி வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்துக்கு உண்ணவேண்டும், ஏனென்றால் நீண்டகாலம் குழம்பியிருக்கும் உடலின் பசிக்குறிப்பை ஆரம்பத்தில் நம்பமுடியாது.

எனக்கு ஒழுங்கான நேரங்கள் இவ்வாறு அமைந்தன. காலை ஆறரைக்கு இடியப்பமும் சொதியும், அல்லது பிட்டும் ஒரு முட்டையும். பத்தரை மணி இடைவேளைக்கு அவித்த கடலை அல்லது ஒரு வாழைப்பழம். இரண்டு மணிக்குச் சோறு, பருப்பு, மீன், ஒரு மரக்கறி. ஐந்து மணிக்குத் தேநீருடன் ஒரு வடை, அல்லது கிண்ணியாத் தயிர் கொஞ்சம். இரவு எட்டு மணிக்கு மீண்டும் ஒரு சரியான சாப்பாடு. முதல் இரண்டு வாரங்களும் பெரும் பயமாக இருந்தது. இரவு உண்பதோடு இவ்வளவையும் சேர்த்தால் உடல் பெருத்துவிடும் என்றே எண்ணினேன். மூன்றாவது வாரத்தில், ஒரு வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்கு, குசினிக்குப் போகவேண்டும் என்ற எண்ணமே வராமல் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன் என்பதை உணர்ந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

உணவைப் பதிவுசெய்யும் கொப்பி பயன்தருமா?

கலோரிக் கணக்கோ நிறையோ எழுதாத கொப்பியாக இருந்தால் மிகவும் பயன்தரும். நேரம், இடம், என்ன உண்டேன், அதற்குமுன் என்ன நடந்தது என்ற நான்கு மட்டும் போதும். என் கொப்பியில் ஒரு வரி இது: ‘செவ்வாய், இரவு 10.40. குசினி, நின்றபடி. நேற்றைய பிட்டு, சீனி, பிறகு பாண். காலை ஒன்றும் இல்லை. இன்று கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் பேச்சு வாங்கினேன், பதில் சொல்லவில்லை.’ இப்படி ஒரு மாதம் எழுதிய பிறகு புரட்டிப் பார்த்தபோது, உணவைத் தவிர்த்த நாள்களும், பதில் சொல்லாமல் வந்த நாள்களுமே மீண்டும் மீண்டும் அந்தப் பக்கங்களில் இருந்தன.

உண்ணவேண்டும் என்ற உந்துதல் எழும்போது என்ன செய்வது?

முதலில், கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று பார்க்கவேண்டும். நான்கு மணித்தியாலத்துக்கு மேலாகியிருந்தால் அது பசி. கோப்பையில் போட்டு, அமர்ந்து உண்ணவேண்டும். அவ்வாறில்லையென்றால், அந்த உந்துதல் அலைபோல எழுந்து உச்சத்தைத் தொட்டுத் தானாகவே தணியும் தன்மை உடையது என்பதை நினைவில் வைத்து, அரை மணித்தியாலம் கடத்தப் பார்க்கவேண்டும். மாலையென்றால் நான் டச் பே கடற்கரைக்கோ உட்துறைமுக வீதிக்கோ நடக்கப் போவேன். இரவு பத்தரைக்கு ஒரு பெண் தனியே வெளியில் நடக்கமுடியாது என்பதால், அந்த நேரத்துக்கு வீட்டுக்குள் செய்யக்கூடியவற்றை முன்பே ஒரு தாளில் எழுதி குசினிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருந்தேன்: தலையில் தண்ணீர் வார்த்தல், நாளைக்கு உடுக்கும் சேலையை மடித்து அழுத்துதல், தங்கைக்குத் தொலைபேசி எடுத்தல். தங்கைக்கு எடுத்த அழைப்புகளே அதிகம் உதவின. அவளிடம் நான் இந்த விடயத்தைப் பேசுவதுகூட இல்லை. வீட்டுக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மீண்டும் ஓர் இரவு தவறிவிட்டேன். மறுநாள் என்ன செய்யவேண்டும்?

காலைச் சாப்பாட்டை உண்ணவேண்டும். பசிக்காவிட்டாலும், வெறுப்பாக இருந்தாலும், சிறிதளவாவது வழமையான நேரத்தில் உண்ணவேண்டும். தண்டனையாகப் பட்டினி இருந்தால் அன்றிரவுக்கான மிகையுண்ணலை நாமே தயார்செய்கிறோம்.

உண்டதை வாந்தி எடுத்து வெளியேற்றுகிறேன். அதுவும் இதுதானா?

அது வேறொரு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியரை விரைவாகக் காணவேண்டும். அடிக்கடி வாந்தி எடுப்பதாலும், மலமிளக்கி மாத்திரைகளைத் தொடர்ந்து பாவிப்பதாலும் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே பாதிக்கப்படக்கூடும். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடவேண்டாம்.

விரதங்களை என்ன செய்வது? விடச்சொல்கிறீர்களா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகமானோர் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். நமது நாள்காட்டியில் கேதாரகௌரி விரதம் 21 நாள்கள். ஐப்பசி அமாவாசையில் காப்புக் கட்டி முடித்த மறுநாளே கந்தசஷ்டி தொடங்கி ஆறு நாள்கள். இரண்டையும் அனுட்டிப்பவர் ஏறத்தாழ ஒரு மாதம் ஒருநேரச் சாப்பாட்டுடன் இருப்பார். நான் அவ்வாறு இருந்த வருடங்களில், பாறணை முடிந்த அன்று மாலை தொடங்கிய மிகையுண்ணல் மார்கழி வரை ஓயவில்லை. இன்னும் வருத்தத்துடன் சொல்லவேண்டியது, அந்த விரதங்களில் பாதி கடவுளுக்காக அல்லாமல் நிறை குறைப்பதற்காகவே பிடிக்கப்பட்டவை. அதைக் கோணேசர் சந்நிதியில் நின்று ஒருநாள் எனக்கு நானே ஒப்புக்கொண்டேன்.

நோயாளருக்கு விரதத்தில் விலக்கு உண்டென்பது நமது பெரியவர்கள் எப்போதும் சொல்லிவந்ததே. நோன்பு நோற்கும் கிண்ணியா, மூதூர்ச் சகோதரிகளுக்கும், நோயுற்றவர் பிறிதொரு காலத்தில் நோற்கலாம் என்று குர்ஆனே இடம் தருகிறது. நோய் கடுமையாக இருக்கும் காலத்தில் அந்த விலக்கைப் பயன்படுத்துவதில் பக்திக் குறைவு எதுவும் இல்லை என்பதே என் உறுதியான கருத்து. நான் மூன்று வருடங்கள் உணவு விரதத்தை விட்டு, மச்சம் தவிர்த்து, நேரத்துக்கு மரக்கறிச் சாப்பாடு உண்டு, மாலையில் பதிகம் ஓதினேன். இப்போது கந்தசஷ்டியின் கடைசி நாளில் மட்டும், என் வைத்தியருக்குச் சொல்லிவிட்டு, பாலும் பழமும் நேரம் தவறாமல் எடுத்து விரதம் இருக்கிறேன்.

எனக்கு நீரிழிவும் இருக்கிறது. இந்த ஒழுங்கு பொருந்துமா?

பொருந்தும், ஆனால் உங்கள் வைத்தியருக்குத் தெரிவித்தே தொடங்கவேண்டும். இன்சுலின் போடுபவர்களும், கிளிக்ளசைட் போன்ற சில மாத்திரைகளை எடுப்பவர்களும் சாப்பாட்டைத் தவிர்த்தால், இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கி, வியர்வையும் நடுக்கமும் அடக்கமுடியாத பசியும் உண்டாகும். அதை மிகையுண்ணல் என்று எண்ணி மறைப்பவர்களும் உண்டு. மருந்தின் அளவைச் சரிசெய்தாலே அவர்களுடைய பிரச்சினையில் ஒரு பகுதி குறையக்கூடும்.

இடம்பெயர்ந்த காலத்தில் பட்டினி கிடந்தோம். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

இருக்கலாம். உணவு கிடைக்குமா என்ற நிச்சயமின்மையில் வாழ்பவர்களிடம் மிகையுண்ணல் அதிகமாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2006-இல் மூதூரிலிருந்து நடந்தே வெளியேறிய ஒரு தாய், இன்றும் கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் தன்னால் எழும்ப முடியாது என்று என்னிடம் சொன்னார். 2022 நெருக்கடியில், பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் தேநீரோடு படுத்த தாய்மார் பலர், பொருள்கள் மீண்டும் கடைக்கு வந்தபோது நிறுத்தமுடியாமல் உண்டார்கள். அவர்களிடம் ‘கட்டுப்படுத்து’ என்று சொல்வது கொடுமை. நாளைக்கும் சாப்பாடு இருக்கிறது என்பதை அவர்களுடைய உடல் நம்பும்வரை நேரம் தவறாமல் உண்ணச் செய்வதே அவர்களுக்குச் செய்யக்கூடிய உதவி.

வீட்டார் எப்படி நடந்துகொள்ளவேண்டும்?

உடலைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவேண்டும். நம்மிடையே வீட்டுக்கு வந்தவரை ‘என்ன பிள்ளை, நல்லா உடம்பு வைச்சிட்டாய்’ என்று வரவேற்பது அன்பின் பாகமாகவே இருந்துவருகிறது. அது கேட்பவரை எத்தனை நாள் வருத்தும் என்பதைச் சொல்பவர் அறிவதில்லை. உணவுப் பொருள்களை ஒளித்துவைத்தல், பூட்டுதல், மிச்சத்தை எண்ணுதல் ஆகியன மறைவாக உண்பதையே வளர்க்கும். மாறாக, அதே நேரத்தில் அதே சாப்பாட்டை அருகில் அமர்ந்து உண்டால் போதும். என் அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தினமும் காலை ஆறரைக்கு இரண்டு கோப்பைகளை மேசையில் வைத்து, ‘வா மகள், ஆறிப்போகும்’ என்று மட்டும் அழைத்தார்.

திருகோணமலையில் யாரை நாடுவது? என்ன சொல்லிக் கேட்பது?

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. நேரே அங்கு போகத் தயக்கமாக இருந்தால், வெளிநோயாளர் பிரிவிலோ, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ தொடங்கலாம். பேசுவதற்கு ஒருவர் உடனே தேவைப்பட்டால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை 24 மணித்தியாலமும் அழைக்கலாம்.

என்ன சொல்வதென்று தெரியாமல் நான் முதல்தடவை வயிற்றுவலி என்று சொல்லி ஒரு சிகிச்சை நிலையத்தில் மருந்து வாங்கிவந்தேன். இன்னோர் இடத்தில், முழுவதையும் கேளாமலே உணவுக் கட்டுப்பாட்டு அட்டவணை ஒன்றைத் தந்து அனுப்பினார்கள், அது நோயை இன்னும் கூட்டியது. ஆதலால் இப்படிச் சொல்லுங்கள்: ‘வாரத்தில் இத்தனை தடவை, நிறுத்தமுடியாமல் சாப்பிடுகிறேன், தனியே ஒளித்துச் சாப்பிடுகிறேன், அதன் பிறகு என்னையே வெறுக்கிறேன், இது இத்தனை மாதமாக நடக்கிறது.’ தெரிந்தவர் எவராவது கண்டுவிடுவார்களே என்ற அச்சம் சிறிய நகரத்தில் நியாயமானதே. நான் என் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனேன்; பார்ப்பவர்கள் எங்களில் யாருக்கு வருத்தம் என்று அறியமாட்டார்கள்.

குணமாக எவ்வளவு காலம் எடுக்கும்? மெலிவேனா?

பிரித்தானியாவின் 2017 வழிகாட்டலில் முதற்கட்டமாகப் பரிந்துரைக்கப்படுவது, ஒருவரின் துணையுடன் செய்யும் சுயஉதவிப் பயிற்சி. ஏறத்தாழ 16 வாரங்களில், 20 நிமிடம் வீதம் நான்கு முதல் ஒன்பது சந்திப்புகள். அது போதாதவர்களுக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் விரிவான உளச்சிகிச்சை உண்டு. மருந்தும் சிலருக்கு உதவும். மருந்து மட்டும் போதாது. எனக்கு இரண்டு வருடங்கள் சென்றன, இடையில் பரீட்சைத்தாள் திருத்தும் காலமொன்றில் முழுவதாகப் பின்வாங்கி மீண்டும் தொடங்கினேன்.

மெலிவதைப்பற்றி நேர்மையாகச் சொல்லவேண்டும்: இந்தச் சிகிச்சை மிகையுண்ணலை நிறுத்துவதற்கானது, நிறையில் பெரிய மாற்றத்தைப் பெரும்பாலும் தருவதில்லை. என் நிறை மிகச் சிறிதே குறைந்தது. மெலிவிக்கும் தூள், மாத்திரை என்று விற்கப்படுபவற்றைத் தொடவேண்டாம்.

நான் பயப்படும் உணவுகளை என்றாவது வீட்டில் வைத்திருக்க முடியுமா?

முடியும், ஆனால் ஒழுங்கான நேரத்துக்கு உண்பது சில மாதங்கள் நிலைத்த பிறகு. ஒன்றைத் தெரிந்தெடுத்து, நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு நாளில், வயிற்றில் சாப்பாடு இருக்கும் நேரத்தில், ஒருவருடைய முன்னிலையில், சிறிதளவு கோப்பையில் எடுத்து உண்ணவேண்டும். எனக்குப் பயமான உணவு கிறீம் பிஸ்கட். ஒரு ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, ஒரே கடையில், ஒரேயொரு பைக்கற் வாங்கினேன். கடைக்காரர் வழமைபோல, ‘ஆக்கள் வருகினமோ, ரீச்சர்?’ என்று கேட்டார். ‘இல்லை, எனக்குத்தான்’ என்றேன். அம்மாவுக்கு இரண்டும் எனக்கு மூன்றுமாகத் தட்டில் வைத்து, முற்றத்து வாங்கில் தேநீரோடு உண்டோம். மிச்சத்தை எல்லோருக்கும் தெரியும்படி பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைத்தேன். புதன்கிழமை தங்கையின் பிள்ளைகள் வந்தபோது அது இன்னும் அங்கேயே இருந்தது.